வலிக்காத புண்: ஒரு நீரிழிவு நிகழ்வு ஆய்வு

காலுறையில் இருந்த கறையை முதலில் பார்த்தவர் மனைவிதான். வலது காலுறையின் அடியில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பேறிய சிவப்பு. "எங்கே இடித்துக்கொண்டீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் முன்மேட்டில், காய்த்துத் தடித்திருந்த தோல் பிளந்து ஈரமாக இருந்தது. காலணியைக் கவிழ்த்து உதறியபோது ஒரு சிறிய இரும்பு நட்டு தரையில் விழுந்து உருண்டது. காலணியின் உட்புற அட்டையில் அதன் ஆறு பக்கங்களும் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தன. காலை எட்டு மணிக்குப் போட்ட காலணி அது. பத்து மணி நேரம் அந்த இரும்பின் மேல் நடந்திருக்கிறார்.

அவர் மருத்துவரிடம் வந்தது ஒன்பது நாள் கழித்து. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "வலிக்கவில்லையே டாக்டர். வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்."

அவர் சொன்னது நியாயம்தான். அதில்தான் இந்த நோயின் முழுக் கதையும் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சொல். இது தனியொருவரின் மருத்துவக் கோப்பு அன்று. நீரிழிவின் பாதப்புண்ணோடு வருபவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் நிலைகளைக் கற்பிப்பதற்காக ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறேன். எண்களும் அப்படி அமைத்தவையே.

கோப்பில் இருந்ததும் இல்லாததும்

வயது 56. ஆண். நோய் தெரியவந்து பதினோரு ஆண்டுகள். அதுவும் தற்செயலாகத்தான். வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 148 மில்லிகிராம் என்று வந்தது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது கணக்கு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடி ஒருமுறை எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எடுத்தார்கள், உறுதியானது. மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "லேசான சர்க்கரைதான், பயப்பட ஒன்றுமில்லை" என்றும் சொல்லி அனுப்பினார்களாம்.

இந்த "லேசான சர்க்கரை" என்ற தொடர்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆறுதலாகச் சொல்லப்படும் வார்த்தை, பதினோரு ஆண்டுகளுக்குத் தூக்க மாத்திரையாக வேலை செய்துவிடுகிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. யுகேபிடிஎஸ் என்று சுருக்கமாக அழைப்பார்கள். புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, நோய் தெரியவந்த அந்த நாளிலேயே கண்ணிலோ, நரம்பிலோ, ரத்தக் குழாயிலோ ஏதோ ஒரு சேதம் ஏற்பட்டிருந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனும் அதற்குள் பாதியாகக் குறைந்திருந்தது. பெயர் சூட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த நோய் பிறந்துவிடுகிறது.

நம்மவர் அலட்சியக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சர்க்கரை பார்த்துச் சிறிய நோட்டில் குறித்தும் வைத்திருந்தார்: 138, 151, 144, 140. எல்லாமே வெறும் வயிற்றில் எடுத்தவை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் மாணவனின் சிரிப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாக எடுத்தது நான்கு ஆண்டுகளுக்கு முன். கண்ணின் உட்புறப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, பாதத்தில் உணர்வுச் சோதனை ஆகிய மூன்றும் ஒருமுறைகூட நடக்கவில்லை.

ஹெச்பிஏ1சி இப்போது 9.6 விழுக்காடு. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழும். அந்த நாட்களில் ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே போகும், ஒட்டியது பிரியாது. ஆகவே இரண்டு நாள் பத்தியத்தால் இந்த எண்ணை ஏமாற்ற முடியாது. 9.6 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 229. நோட்டில் இருந்த 140க்கும் இந்த 229க்கும் இடைப்பட்ட தூரம்தான் அவர் பார்க்காமலே விட்ட பகல்பொழுதுகள். (ரத்தசோகையோ முற்றிய சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த எண்ணும் பிழைபடும். எந்த ஒற்றை எண்ணையும் கண்மூடி நம்புவதற்கில்லை.)

இன்னொன்றையும் பேச்சுவாக்கில் சொன்னார். சென்ற ஆண்டு இரண்டு முறை மூக்குக் கண்ணாடியை மாற்றினாராம். முதலில் செய்த கண்ணாடி மூன்றே மாதத்தில் பொருந்தாமல் போனதில் கடைக்காரர்மேல் வருத்தம். கடைக்காரர்மேல் தவறில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லை நீரை உறிஞ்சி வீங்கும், பிறகு வடியும். வில்லையின் வளைவு மாறினால் பார்வையின் பவரும் மாறும். கண்ணாடிக்கு அளவெடுக்கும் முன் சர்க்கரையை நிலைப்படுத்த வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பத்துக் கிராம் இழை

புண்ணைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைச் சோதித்தோம். இதற்கான கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு பிடியில் செருகிய நைலான் இழை, அவ்வளவுதான். தோலின் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தினால், சரியாகப் பத்துக் கிராம் விசையில் அது வில்லாக வளையும்படி செய்திருப்பார்கள். முதலில் முன்கையில் ஒருமுறை தொட்டுக் காட்டினோம். உணர்வு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? பிறகு கண்ணை மூடச் சொன்னோம். தொடும்போதெல்லாம் "ம்" என்று சொன்னால் போதும்.

இடது பாதத்தில் பத்து இடங்களில் ஐந்துக்கு "ம்" வந்தது. வலது பாதத்தில் பெருவிரல் நுனி: மௌனம். முன்மேடு: மௌனம். சுண்டுவிரல் அடி: மௌனம். குதிகாலிலும் இல்லை. நடுவளைவில் ஒரு "ம்", புறங்காலில் ஒன்று, உள்விளிம்பில் தயங்கித் தயங்கி இன்னொன்று. பத்துக்கு மூன்று. கண்ணை மூடியபடியே, "ஆரம்பித்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்டார். அப்போது ஏழாவது இடத்தில் இழை வளைந்து நின்றிருந்தது. அருகில் உட்கார்ந்திருந்த மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தபோது அதிர்வும் தெரியவில்லை. கணுக்காலில் மங்கலாக, முழங்காலில் நன்றாகத் தெரிந்தது. நீரிழிவு நரம்பைத் தாக்கும் விதம் இதுதான். முதுகெலும்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஒரு மீட்டர் ஓடும் நரம்பிழைதான் உடலிலேயே நீளமானது. செல்லின் கரு இருக்கும் இடத்திலிருந்து அத்தனை தூரம் ஊட்டம் போய்ச் சேர வேண்டும். வறட்சியில் கடைமடை முதலில் காய்வதுபோல் விரல்நுனி முதலில் மரத்துப்போகிறது. மதமதப்பு காலுறை உயரத்துக்கு ஏறி வரும் வேளையில் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் இரவில் பாதம் எரிந்ததாம், ஊசி குத்துவதுபோல் இருந்ததாம். "அது தானாகவே சரியாகிவிட்டது" என்றார். சரியாகவில்லை. எரிந்த நரம்பு அடங்கிப்போயிருக்கிறது. நோயாளி நலமடைந்ததாக நினைக்கும் அந்தக் கட்டத்தில்தான் பாதம் உண்மையான ஆபத்துக்குள் நுழைகிறது.

தோலும் வறண்டு வெடித்திருந்தது. வியர்வையை இயக்கும் தன்னியக்க நரம்புகளும் பழுதாகியிருந்தன என்பதற்கு அது அடையாளம். படுத்திருக்கும்போது 158 இருந்த மேல் ரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் 26 குறைந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 98. மூச்சை ஆழமாக இழுத்தாலும் விட்டாலும் அதில் ஏற்ற இறக்கம் இல்லை. இதயத்துக்குப் போகும் நரம்பும் தப்பவில்லை என்று பொருள். இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பேகூட நெஞ்சுவலி இல்லாமல், வெறும் களைப்பாகவோ மூச்சிரைப்பாகவோ வந்து போகலாம். பாதத்தில் நட்டு உறுத்தாததும் நெஞ்சில் வலி தெரியாததும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

ஒரு கிளைச் செய்தி. ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்த்தோம், குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். அந்தக் குறைவும் நரம்பை மரக்கச் செய்யும். எல்லாப் பழியையும் சர்க்கரைமேல் போட்டுவிட்டு, ஊசியில் சரிசெய்யக்கூடிய ஒன்றைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எப்போதும் திறந்திருக்கும் கதவு

நீரிழிவை விளக்க எல்லோரும் சொல்லும் உவமை பூட்டும் சாவியும். செல்லின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். சாவி இல்லாமலோ பூட்டு துருப்பிடித்தோ போனால் சர்க்கரை உள்ளே போக முடியாமல் ரத்தத்தில் தேங்கும். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இது பொருந்தும். முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடுவதால் சாவி இல்லை. இரண்டாம் வகையில் பூட்டு மசியவில்லை. காலப்போக்கில் சாவி செய்யும் பட்டறையும் நொடித்துப்போகிறது. ஆனால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஏன் கெடுகின்றன என்ற கேள்விக்கு இந்த உவமையில் விடை இல்லை.

விடை மறுபக்கத்தில் இருக்கிறது. விழித்திரையின் தந்துகிகளில் (மயிரிழை போன்ற நுண்ணிய ரத்தக் குழாய்களில்) உள்ள செல்கள், சிறுநீரக வடிகட்டியின் செல்கள், நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஆகியவற்றின் கதவுக்குப் பூட்டே கிடையாது. இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏற்பச் சர்க்கரை உள்ளே வந்துகொண்டே இருக்கும். தசை பட்டினி கிடக்கும் அதே நேரத்தில் இவை வெள்ளத்தில் மூழ்குகின்றன. மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பங்கு சார்பிட்டால் என்ற பொருளாக மாறுகிறது. அந்த மாற்றத்துக்குச் செல்லின் தற்காப்புச் சக்தி செலவாகிறது. இன்னொரு பங்கு புரதங்களில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா திணறி, தீங்கான ஆக்சிஜன் துகள்களைக் கக்குகிறது. இவற்றில் எதுவுமே ஒரு நாளில் வலியைத் தராது.

கண்ணுக்குள் பார்த்தபோது இது நேரடியாகத் தெரிந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு நோக்கினால், உடலில் ரத்தக் குழாய்களை அறுக்காமல் தெளிவாகப் பார்க்கக்கூடிய அரிய இடம் விழித்திரை. இரு கண்களிலும் தந்துகிச் சுவர்கள் குண்டூசித் தலைபோல் புடைத்து நின்றன; அங்கங்கே ரத்தப் பொட்டுகள்; கசிந்த கொழுப்பு மஞ்சள் திட்டாக உறைந்திருந்தது. இடது கண்ணில் பார்வையின் மையமான மாக்குலாவில் நீர்க்கோப்பு. வலது கண் அதை ஈடுகட்டியதால் அவருக்குத் தெரியவே இல்லை. வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொன்னபோதுதான் எழுத்துகள் நெளிவதைக் கண்டு திகைத்தார்.

சிறுநீரகம் கண்ணைவிடவும் ஊமை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வடிகட்டிய நீரில் சர்க்கரை மிகுந்தால் அதை மீட்கும் குழாய்ச் சுவர் உப்பையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். இரண்டும் ஒரே வண்டியில் பயணம் செய்பவை. அதனால் கீழே உள்ள உணர்கருவிக்கு உப்பு குறைவாகப் போய்ச் சேரும். "ரத்த ஓட்டம் போதவில்லை போலும்" என்று அது தவறாகக் கணித்து, வடிகட்டிக்குள் வரும் குழாயை அகலத் திறந்துவிடும். வடிகட்டிக்குள் அழுத்தம் எகிறும். ஆகவே முதல் சில ஆண்டுகளில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு ரத்தத்தில் அருமையாக இருக்கும். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். உண்மையில் வடிகட்டி கிழிந்துகொண்டிருக்கும் காலம் அது. முதல் தடயம் சிறுநீரில் கசியும் அல்புமின் புரதம்தான். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டியது இவருக்கு 340. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 52 மில்லிலிட்டருக்கு இறங்கியிருந்தது. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டதற்கு, "நுரைக்கும், அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்" என்றார்.

புண்ணின் கணக்கு

காய்த்த தோலைச் சீவி எடுத்தபோது மேலே தெரிந்ததைவிடப் புண் பெரிதாக இருந்தது: இரண்டு சென்டிமீட்டர் அகலம், அடியில் சீழ். காய்ப்பு என்பது பாதுகாப்புக் கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். உணர்வற்ற பாதத்தில் அது காலணிக்குள் கிடக்கும் கல்லுக்குச் சமம். ஒவ்வோர் அடியிலும் கீழுள்ள சதையை நசுக்கும். நட்டு இல்லாவிட்டாலும் சில மாதங்களில் இதே இடம் உடைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உலோகக் கம்பியால் அடியைத் தொட்டுப் பார்த்தோம், எலும்பு தட்டவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு தெளிவாக இருந்தது. இரண்டும் நல்ல செய்தி.

ரத்த ஓட்டத்தில் ஒரு பொறி இருந்தது. கணுக்காலில் அழுத்தம் எடுத்துக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 1.38. குறைந்தால்தான் அடைப்பு, இது நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நீண்டகால நீரிழிவில் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போகும். அழுத்தம் எடுக்கும் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. எண் பொய்யாக உயரும். விரலின் சிறிய தமனிகளில் இந்தப் படிவு குறைவு என்பதால் அங்கே அழுத்தத்தைத் தனியாக எடுத்தோம்: 62 மில்லிமீட்டர் பாதரசம். புண் ஆறுவதற்குப் போதுமான ஓட்டம்.

மருத்துவத்தில் எல்லோரும் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். இந்தப் புண்ணை ஆற்றியதில் பெரும்பங்கு மருந்துக்கு இல்லை, எடையை எடுத்ததற்கு. பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டி வார்த்த கட்டு ஒன்றைப் போட்டோம். முன்மேட்டில் விழும் சுமையை அது கால் முழுவதற்கும் பங்கிட்டுவிடும். கழற்ற முடியாது என்பதே அதன் சிறப்பு. வலிக்காத காலை யாரும் தாமாக ஓய்வில் வைத்திருப்பதில்லை; கழற்றக்கூடிய காலணியைக் கொடுத்தால் குளியலறைக்குப் போகும்போது, கதவைத் திறக்கும்போது என்று நாளுக்கு நூறு அடி மிதித்துவிடுவார்கள். தொற்றுக்கான அறிகுறி இருந்ததால் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, அது அடங்கிய பிறகே கட்டு. வாரம் ஒருமுறை திறந்து, சீவி, மறுபடி கட்டினோம். பதினோரு வாரத்தில் மூடியது.

சர்க்கரையை இறக்குவதில் அவசரப்படவில்லை. இன்சுலின் தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாகக் கொண்டுவந்தோம். பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்ததைச் சட்டென்று இறக்கினால் விழித்திரைச் சேதம் சில காலம் தீவிரமாகக்கூடும். நரம்பு எரிச்சலும் கிளம்பலாம். இடது கண்ணில் நீர்க்கோப்புக்கு ஊசி தொடங்கியது அதே சமயத்தில்தான். ஹெச்பிஏ1சி இலக்கையும் 7ஐ ஒட்டி வைத்தோம். ஆறுக்குக் கீழே துரத்தவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த அக்கார்டு ஆய்வில் ஆறுக்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தத் தீவிரச் சிகிச்சையை நிறுத்த நேர்ந்தது. மறுபக்கம், யுகேபிடிஎஸ் தரவுகள் காட்டிய கணக்கும் உண்டு: ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைந்திருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சேதங்கள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. 9.6இலிருந்து 7.4க்கு வருவதில் கிடைக்கும் பலன், 7இலிருந்து 6க்கு இழுப்பதில் கிடைப்பதைவிட மிகப் பெரிது.

ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டன். வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைப்பது அது. கொழுப்புக்கு ஸ்டாட்டின். பி12க்கு ஊசி. சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து அள்ளும் அந்த வண்டியையே நிறுத்தும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை ஒன்றை, புண் முழுதாக ஆறும்வரை தள்ளிவைத்தோம். அந்த வகையில் ஒரு மருந்துக்கு, 2017இல் வெளியான ஆய்வில், கால் நீக்கம் கூடியதாக ஓர் எச்சரிக்கை எழுந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் திறந்த புண்ணின் மேல் துணிய எங்களுக்கு மனமில்லை.

ஆறு மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி 7.4. அல்புமின் 340லிருந்து 150. வடிகட்டும் திறன் 52லிருந்து 49க்கு இறங்கியதைப் பார்த்து அவர் பதறினார். வடிகட்டிக்குள் இருந்த மிகை அழுத்தத்தைக் குறைத்தால் தொடக்கத்தில் இந்தச் சிறு சரிவு வரும். எதிர்பார்த்ததுதான், பிறகு நிலைகொள்ளும். இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. அவர் லோசார்ட்டன் மாத்திரையைப் பத்து நாள் நிறுத்தியிருந்தார். இடது கண்ணில் எழுத்து நெளிவது குறைந்திருக்கிறது.

ஆறிய பாதப்புண் ஓராண்டுக்குள் மீண்டும் உடைவது சுமார் பத்தில் நான்கு பேருக்கு நேர்கிறது. ஆகவே பாதத்தைத் தினமும் பார்ப்பது மனைவியின் பொறுப்பாயிற்று. அவர் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. பார்வை சரியாகாத ஒருவர் தம் உள்ளங்காலைத் தாமே சோதித்துக்கொள்ள முடியாது என்பதை எங்களுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார். காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த பிறகே கணவரிடம் கொடுக்கிறாராம்.

கடைசியாக நைலான் இழையை எடுத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது பாதத்தில் ஐந்து. வலது பாதத்தில் மூன்று.